அடமானத்தில் அப்பா

பிளாரன்ஸ் அக்காவை மசிய வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்று பத்மஸ்ரீக்கு மூன்றாவது காப்பியிலேயே விளங்கிவிட்டது. காப்பியும் பணியாரமும் தட்டாமல் வந்தன. படம் மட்டும் சுவரை விட்டு இறங்கவில்லை.

பத்மஸ்ரீ மில்லர்புரத்தில் ஒரு கல்லூரி நூலகர். கடற்கரைக் குடும்பங்களின் பழைய படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைக்க ஆசைப்பட்டாள். ஆசையா அது? பித்து. கொழும்புக்குப் போன ஒரு தோணியின் வெள்ளோட்டப் படம் பிளாரன்ஸ் வீட்டில் மட்டும்தான் இருந்தது. பாய்மரத்தைப் பிடித்தபடி இளவட்டமாக நிற்பவர் பிளாரன்ஸின் கணவர் அம்புரோஸ்; இப்போது உயிரோடு இல்லை. பத்மஸ்ரீ கைபேசியில் எடுத்துப் பார்த்தாள், படத்துக் கண்ணாடியில் அவள் முகமே விழுந்தது. சட்டத்தைப் பிரித்து நூலகத்து ஸ்கேனரில் வைத்தால்தான் ஆகும்.

"முன்னால ஒருத்தர் ஆராய்ச்சின்னு வந்தாரு," என்று பிளாரன்ஸ் பக்கத்திலிருந்த வெற்று ஆணியைக் காட்டினாள். "எங்க கல்யாணப் படத்தை வாங்கிட்டுப் போனாரு. போனவரு போனவருதான். இப்ப எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான் மேடம்."

"நான் அப்படிச் செய்வேனா அக்கா?"

"அவரும் இப்படித்தான் கேட்டாரு." பிளாரன்ஸ் யோசித்தாள். "ஒண்ணு செய்யுங்க. உங்க கல்யாண ஆல்பத்தைக் கொண்டாந்து இங்கன வையுங்க. என் படம் வந்ததும் எடுத்துட்டுப் போங்க."

பத்மஸ்ரீக்குத் திக்கென்றது. ஆழ்வார்திருநகரியில் நடந்த கல்யாணம். தவறிப்போன அப்பா சிரித்த முகமாக இருக்கும் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. கட்டின புருஷன்கூடக் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். ஆனாலும் மறுநாள் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, படத்தை வாங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். படித்த பைத்தியம், வேறென்ன சொல்ல!

ஸ்கேன் அருமையாக அமைந்தது. வினை பேராசிரியர் அச்யுதன் ரூபத்தில் வந்தது. கண்காட்சிக்கு விளக்கக் குறிப்புகள் எழுதுகிறவர் அவர்தான். தங்கமான மனிதர்; பழைய பொருளைக் கண்டால் மட்டும் கை சும்மா இருக்காது.

"அடேயப்பா, பாய்மரத்து உச்சியில மாலை கட்டியிருக்காங்க பாருங்க! அசல் ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும் மேடம். மதுரைக் கருத்தரங்குல காட்டிட்டுத் தந்துடுறேன்."

"பிரதி போட்டுத் தாரேன் சார்."

"பிரதியை எவன் மதிப்பான்? நான் என்ன ஓடியா போயிடுவேன்?"

படம் அதற்குள் அவர் பைக்குள் பாதி போயிருந்தது. அவரைப் பகைத்துக்கொண்டால் கண்காட்சிக் குறிப்புகள் அந்தரத்தில் நிற்கும். அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியிராத பத்மஸ்ரீ பையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், எங்க அப்பாவை அங்க அடமானம் வச்சிருக்கேன்! படத்தைக் குடுங்க!"

அச்யுதன் முகத்தில் ஈயாடவில்லை. விவரத்தைக் கேட்டதும் மனிதர் கூனிக்குறுகிப் போனார். "வாங்க, என் கார்லயே கொண்டுபோய்க் குடுத்துடலாம்" என்றார். தங்கமானவர் என்று சும்மாவா சொன்னோம்?

பிளாரன்ஸ் படத்தை முந்தானையால் துடைத்து, அதன் பழைய ஆணியில் மாட்டினாள். பத்மஸ்ரீயின் கண்கள் வீடெல்லாம் தேடின. ஆல்பத்தைக் காணோம். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"பயப்படாதீங்க. தெருவே வாங்கிப் பார்த்துக்கிட்டு இருக்கு," என்ற பிளாரன்ஸ், பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏளா ஜெஸ்மி, ஆல்பத்தைக் கொண்டா!"

ஆல்பம் அதே பட்டுத்துணியில் பத்திரமாக வந்தது. பிளாரன்ஸ் ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். "எங்க எல்லாருக்கும் இதுதான் சந்தேகம். தூணுக்குப் பின்னால ஒளிஞ்சி நின்னு ஜாங்கிரி திங்காரே, இவரு யாரு?"

பத்மஸ்ரீ எத்தனையோ தடவை பார்த்த படம். மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமக்களைத் தாண்டி அவள் கண் போனதே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர், கல்யாணத்தில் இனிப்பைத் தொடவே இல்லை என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், கன்னம் உப்ப, கள்ள முழியோடு நின்றார்.

"எங்க அப்பா" என்றாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது. இல்லாத மனிதரை இன்னொரு தடவை புதுசாகப் பார்க்கக் கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பிளாரன்ஸ் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வாயிலிருந்த 'மேடம்' எங்கோ பறந்துபோயிருந்தது.

"ஏளா, அழாத. இந்தத் தெருவுக்கே இவரைப் பிடிச்சுப்போச்சு. இவரையும் அந்த மிஷின்ல வச்சு, பெருசாக்கி எனக்கு ஒரு படம் போட்டுத் தா. அந்தப் பக்கத்து ஆணி சும்மாத்தான கெடக்கு."