காற்றுக்குச் சொந்தமான சாம்பல்

மலேசியாவில் ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் சாம்பலுக்குப் போன வருஷம்தான் மரியாதை வந்தது. அதற்கு முன் அது வெறும் குப்பை. பாய்லரில் செம்பனைக் கொட்டையின் ஓட்டையும் பழத்தின் நாரையும் எரித்து மிஞ்சியது ஆலைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும். புகைபோக்கி வழியாகக் கிளம்பியது எங்கள் லயத்துக் கூரையிலும், கொடியில் காயும் துணியிலும், மூட மறந்த குழம்பிலும் வந்து உட்காரும். ஒருமுறை பெண்கள் ஐந்தாறு பேர் ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். "காத்து அடிக்கிறதுக்குக் கம்பெனி என்ன செய்யும்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நியாயம்தான், காற்றுக்கு அவர்களா சம்பளம் கொடுக்கிறார்கள்.

என் பக்கத்து வீட்டு லோகேஸ்வரியின் கணவர் செல்லையா அந்தப் பாய்லரில் சாம்பல் வாரியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். சக்கர நாற்காலி வந்தது. மழை பெய்தால் வாசல் சேற்றில் அது புதைந்தது. கிளினிக் வேன் வரும்போதெல்லாம் நாங்கள் அவரை நாற்காலியோடு தூக்கினோம். கடைசியில் லோகேஸ்வரி சிமெண்டைக் குறைத்து, குப்பைச் சாம்பலைக் கலந்து, வாசலிலிருந்து சாலைவரை தானே தளம் போட்டாள். ஆலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா பார்த்துச் சிரித்து, மண்வெட்டியும் இரவல் கொடுத்தான். ஆறு வருஷமாக அந்தத் தளத்தில் ஒரு விரிசல் இல்லை.

போன வருஷம் சிமெண்டுக் கல் செய்யும் ஒரு தொழிற்சாலை அந்தச் சாம்பலை விலைக்குக் கேட்டது. அவ்வளவுதான். மலையைச் சுற்றி வேலி, வேலிக்குப் பூட்டு, பூட்டுக்கு மேலே கேமரா. என் பிள்ளைகளுக்குக்கூட நான் இவ்வளவு காவல் போட்டதில்லை.

பசுமைத் திட்ட அதிகாரி என்று கேமரன் வந்து சேர்ந்தான். புக்கிட் செந்தோசா டவுனிலிருந்து தினமும் காரில் வருகிற பிள்ளை. ஒரு நாள் லோகேஸ்வரியின் வாசலில் வந்து நின்றான்.

"ஆன்ட்டி, இதுல இருக்கிறது கம்பெனி சாம்பல் லா. பெர்மிஷன் இல்லாம எடுத்திருக்கீங்க. உடைச்சு எடுக்கச் சொல்லிட்டாங்க."

"உடைச்சா இவரை வேனுக்கு எப்படிக் கொண்டு போறது தம்பி? சரி, கூரையில கிடக்கிற சாம்பல்? அதையும் அள்ளிக்கிட்டுப் போங்களேன்."

"அது காத்துல வர்றது ஆன்ட்டி. அதுக்குக் கம்பெனி பொறுப்பு இல்ல."

ஆக, தரையில் கிடந்தால் கம்பெனியுடையது, தலையில் விழுந்தால் காற்றுடையது. இதைச் சொல்வதற்கு ஒரு பட்டப்படிப்பு வேறு.

மறுநாள் உடைக்க வந்த ஆள் ஓங்கி அடித்தான். சுத்தியல்தான் எகிறியது. கேமரனின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் அதே தளத்தில் விருந்தாளிகள் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். திருட்டுத் தளம் இப்போது கம்பெனியின் ஆறு வருஷச் சோதனைத் தளம். படத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளி நிற்கும்படி லோகேஸ்வரியைக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மெஷினால் துளைத்து, சோதிப்பதற்கு உருளை உருளையாக நாலு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். உறுதி பிரமாதமாம்.

அவர்கள் விட்டுப்போன குழியில் செல்லையாவின் நாற்காலிச் சக்கரம் சிக்கிக்கொண்டது. குழிகளை அடைக்க ஒரு வாளி சாம்பல் கேட்டு லோகேஸ்வரி ஆலைக்குப் போனாள். "இப்ப அது விக்கிற சாமான்க்கா, கொடுத்தா என் வேலை போயிடும்" என்றான் அதே ஜாகா.

திரும்பி வந்தவள் ஏணியைச் சாய்த்துக் கூரையில் ஏறினாள். தகர மடிப்புகளில் படிந்திருந்ததை வாளி நிறைய வாரி இறக்கினாள். சிமெண்டோடு குழைத்துக் கடைசிக் குழியை அடைத்துக்கொண்டிருந்தபோது கேமரன் காரை நிறுத்தி இறங்கினான்.

"ஆன்ட்டி, இந்தச் சாம்பல் எங்க எடுத்தீங்க?"

"காத்து கொடுத்துச்சு தம்பி." கரணையால் தேய்த்துச் சமப்படுத்திவிட்டு, நிலைப்படியில் இருமிக்கொண்டிருந்த செல்லையாவைக் காட்டினாள். "உங்க சாம்பல் இவரு நெஞ்சுக்குள்ள இருக்கு. மெஷினைக் கொண்டாந்து அதையும் எடுத்துக்குங்க."

கேமரன் ஈரத் தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். செல்லையாவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை.