திருட்டு வலி

அன்று பந்த். சிகந்தராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் பால்கடைக்காரர் விடிவதற்குள் விற்று முடித்து ஷட்டரை இறக்கிவிட்டார். மாப்பிள்ளை ஷ்யாமைக் கம்பெனி பஸ் இருட்டோடு வந்து கச்சிபௌலிக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. தெருவில் கூட்டம் கலைந்த பிறகுதான் திருப்பி விடுவார்களாம். வீட்டில் நானும் என் மகள் ரோகிணியும் மட்டும். அவள் வயிற்றில் பிள்ளை தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தது.

என் பயமெல்லாம் அதில்தான் ஆரம்பம். ஆதலால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா நாள் குறித்திருந்தார். அதற்குள் நிஜ வலி கண்டுவிட்டால் வீட்டில் இருக்கவே கூடாது. தண்ணீர் உடைந்து, பிள்ளைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டால் பிள்ளை தப்பாது என்றும் சொல்லியிருந்தார். "நிஜ வலின்னு எப்படித் தெரியும்?" என்று ரோகிணி இங்கிலீஷில் கேட்டதற்கு அவர் சிரித்தபடி என்னைக் கை காட்டினார். அம்மாவுக்குத் தெரியாதா என்று அர்த்தம். நானும் பெரிதாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

எனக்குத் தெரியாது. ரோகிணியும் என் வயிற்றில் இப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டையில் நாள் பார்த்து ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். கண் விழித்தபோது பிள்ளை பக்கத்துத் தொட்டிலில் கிடந்தது. அதோடு சரி, வேறு பிள்ளை இல்லை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பெண்கள் பேறுகாலக் கதை பேச உட்கார்ந்தால், "வசந்திகிட்ட என்னத்தக் கேக்க? அவ தூங்கி எந்திச்சுப் பெத்தவ" என்பார்கள். நான் குனிந்து அரிசியில் கல் பொறுக்குவேன். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வருவதுதான் எங்கள் முறை. ரோகிணிக்கோ மூன்று மாதம்தான் லீவு. லீவை முன்னாலேயே எடுத்துவிட்டால் பிள்ளை பிறந்த பிறகு என்ன மிஞ்சும் என்று கடைசி நாள்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். அதனால் அவளுக்குப் பதில் நான் வந்தேன். வலி பார்த்துச் சொல்ல ஆள் வந்தாயிற்று என்று எல்லோரும் நிம்மதியானார்கள், என்னைத் தவிர.

போன வாரம் ஒரு தரம் ஏமாந்திருந்தோம். அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கிறது என்றாள். நான் பதறி, மாப்பிள்ளை முக்கியமான ஏதோ மீட்டிங்கை விட்டுவிட்டு ஓடி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வலி போய்விட்டது. அங்கிருந்த குண்டு நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "தொங்க நொப்புலு" என்று சொல்லி, மற்ற நர்ஸுகளைப் பார்த்துச் சிரித்தாள். எதிர் வீட்டு ரஞ்சனாதான் பிறகு எனக்கு அர்த்தம் சொன்னது. திருட்டு வலியாம். வந்த மாதிரி காட்டிவிட்டு ஓடிப்போகிற வலி. திரும்பி வரும்போது காரில் ரோகிணி முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

பந்த் அன்று காலை தோசைக் கல்லை அடுப்பில் வைத்தபோது, அவள் இடுப்பில் கை கொடுத்தபடி வந்து நின்றாள்.

"என்னட்டி செய்யுது?"

"இடுப்பு கடுக்கும்மா. ராத்திரி சரிஞ்சு படுத்துட்டேன் போல."

"வயிறு வலிக்கா?"

"வயிறெல்லாம் ஒண்ணுமில்ல. இடுப்புதான்."

பேறுகால வலி வயிற்றில்தான் வரும் என்று நான் நினைத்திருந்தேன். இருந்தாலும் மனது கேட்கவில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரு சோதனை உண்டு. சீரகத்தைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, கருப்பட்டி தட்டிப் போட்டுச் சூட்டோடு கொடுப்பார்கள். சூட்டு வலியானால் அதில் அடங்கிவிடும். பிள்ளை வலியானால் அதைக் குடித்த பிறகு கூடும். நான் குடித்ததில்லை, யாருக்கும் போட்டுக் கொடுத்ததும் இல்லை, கேள்விப்பட்டதுதான். ஆனால் டம்ளரை நீட்டும்போது ஏதோ நூறு பிரசவம் பார்த்தவள் போல, "மடக்கு மடக்குனு குடி, இப்பத் தெரிஞ்சு போகும்" என்றேன்.

குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

"கொறஞ்சுட்டும்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். சூட்டு வலிதான் போல. நீ தோசையப் பாரு, கருகுது."

என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. ஆனால் அது தரையில் விழவில்லை, வயிற்றிலேயே தங்கிவிட்டது. பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். ரோட்டில் ஒரு ஆட்டோ இல்லை. ஈ.சி.ஐ.எல். முக்குப் பக்கமிருந்து கறுப்பாகப் புகை எழும்பியது. டயர் எரிக்கிறார்கள். கோஷம் அலை அலையாகக் கேட்டது. இந்த நேரத்தில் போய்த் திருட்டு வலி என்று திருப்பி அனுப்பினால் வழியில் என்ன ஆகும்? போகாமல் இருந்து அது நிஜ வலியாக இருந்துவிட்டால்? இப்படியும் அப்படியும் அடுக்களைக்கும் பால்கனிக்கும் நடந்தேன். சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு யாரையாவது கேட்கலாம் என்று எடுத்தேன். என்னவென்று கேட்பது? இடுப்பு வலி, கஷாயம் கொடுத்தேன், அடங்கிவிட்டது. "அப்ப சரிதானே" என்பார்கள். போனைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரோகிணிக்கு லண்டன்காரர்களோடு பேச்சு. கம்பெனி கொடுத்த போன் ஒன்று அவள் மேஜையில் உண்டு. காதில் மாட்டினால் வியர்க்கிறது என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். நான் வந்த புதிதில் குக்கர் விசில் அடித்ததும் பாய்ந்து ஒரு பொத்தானை அமுக்கினாள். அதில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. "இது மியூட்டும்மா. இத அமுக்கிட்டா நம்ம சத்தம் அங்க போகாது" என்றாள். அதிலிருந்து சிவப்பு விளக்கு எரிந்தால்தான் நான் மிக்ஸி போடுவது.

அன்று துணி மடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் முதுகும் போனும் தெரிந்தன. பேசிக்கொண்டே இருந்தவள் கை நீட்டிப் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு எரிந்தது. சற்று நேரத்தில் அணைந்தது, பேசினாள். மறுபடியும் எரிந்தது.

குக்கர் வைக்கவில்லை. மிக்ஸி ஓடவில்லை. பந்த் ஆனதால் தெருவில் ஒரு ஹாரன் சத்தமும் இல்லை. எந்தச் சத்தத்தை மறைக்கிறாள்?

துணியை மடியில் வைத்தபடியே பார்த்தேன். விளக்கு எரியும்போதெல்லாம் அவள் தோள் இரண்டும் காதுவரை ஏறின, அணையும்போது இறங்கின. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு சிவப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு அடுக்குத் துணி மடித்து வைத்தேன், இப்போது நாலு சட்டை மடிப்பதற்குள் சிவப்பு வந்துவிட்டது. பிறகு போனுக்குள் இருந்த ஆள் ஏதோ கேட்டான். பதில் இல்லை. "ரோகிணி?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ரோகிணி, ஆர் யூ தேர்?" என்றான். எனக்கு இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் என் மகள் வாய் திறக்கவில்லை என்பது தெரிந்தது. பேச்சு என்றால் விடாதவள் அவள். தூக்கத்தில் கூப்பிட்டாலும் பதில் சொல்வாள்.

ஓடினேன். நெற்றியை மேஜை விளிம்பில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்கழுத்தெல்லாம் வேர்வை. நைட்டியோடு சேர்த்து வயிற்றில் கை வைத்தேன். கல்லாக இருந்தது. என் கைக்குக் கீழேயே மெல்ல இளகியது. அப்போதுதான் அவள் மூச்சை விட்டாள்.

"எப்பருந்துட்டி?"

"ராத்திரில இருந்தே," என்றாள். முகத்தைத் திருப்பவில்லை.

"கொறஞ்சுட்டுன்னியே!"

"கொறையலம்மா. கூடத்தான் செஞ்சுது."

அதற்குமேல் கேட்க நேரமில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். எழும்பும்போதே தரையில் தண்ணீர் கொட்டியது. இருவரும் குனிந்து அதைப் பார்த்தோம். போனில் அந்த ஆள் இன்னும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேனா குத்தினேனா தெரியாது. ரஞ்சனா சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தனியாக இருப்பவள், சொந்தமாகக் கார் வைத்திருப்பவள்.

"சொல்லுங்க ஆன்ட்டி, என்ன ஆச்சு?"

"தண்ணி ஒடஞ்சுட்டும்மா. நீ வந்து ஒருக்கப் பாரேன்."

"ஐயோ, நான் என்னத்த பாக்கறது? நான் ஒரு நாய்க்குட்டி கூட வளத்ததில்ல!" சொல்லிக்கொண்டே சாவியை எடுத்துவிட்டாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வரும், நேரமாகும் என்றார்கள். "வெயிட் நக்கோ, காத்துட்டிருக்க வேணாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அங்கே சொன்னபடி ரோகிணியைக் காரின் பின் சீட்டில் படுக்க வைத்து, இடுப்புக்கு அடியில் இரண்டு தலையணை கொடுத்தோம். தலை என் மடியில். மாப்பிள்ளைக்குத் தகவல் சொன்னபோது, "அத்தை, நான் நடந்தாவது வாரேன்" என்று அழுதுவிட்டார். முப்பது கிலோமீட்டர் எங்கே நடக்க?

ஈ.சி.ஐ.எல். முக்கில் ரோடு முழுக்க ஆட்கள். குறுக்கே டிரம்முகள், கல், புகை. நாலைந்து பேர் கையை விரித்தபடி எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். ஒருவர் பானெட்டில் ஓங்கி அடித்தார். நான் ரோகிணியின் முகத்தைச் சேலையால் மூடினேன். கண்ணாடியை இறக்கி, "டெலிவரி கேஸ் பையா! ஜரா ரஸ்தா தேவ்!" என்று வழி கேட்டு ரஞ்சனா கத்தினாள். ஒரு தாடிக்காரர் குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வலி வந்தது. ரோகிணி பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தாள்.

"கத்துட்டி!" என்றேன். "இங்க எந்த லண்டன்காரன் கேக்கான்? கத்து!"

கத்தினாள். அவள் குழந்தையாக இருந்தபோதுகூட அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தாடிக்காரர் பின்வாங்கினார். தெலுங்கில் என்னவோ கூவினார். அத்தனை பேரும் டிரம்முகளை உருட்ட ஓடினார்கள். கொஞ்ச தூரம்வரை இரண்டு பேர் முன்னால் ஓடி வழிவிடச் சொல்லிக்கொண்டே போனார்கள்.

வண்டி வேகம் எடுத்த பிறகு, "பொய் சொன்னதுக்குத் திட்டும்மா" என்றாள்.

"எதுக்குட்டி அப்படிச் சொன்ன?"

"போன வாரம் மாதிரி ஆயிருமோன்னு. இன்னிக்கு ரோட்டுல உன்ன இழுத்துட்டு வந்து, அந்த நர்ஸ் திரும்பச் சிரிச்சா? அப்புறம் நீ வேற அவ்வளவு தைரியமா டம்ளர நீட்டுன. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கு என்ன தெரியும்? நான் தூங்கி எந்திச்சுப் பெத்தவ."

வலிக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடுத்தது வந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. வயிற்றில் பிள்ளை அசைகிறதா என்று கை வைத்துக்கொண்டே வந்தேன். மௌலாலி தாண்டியும் ஓர் அசைவும் எனக்குத் தட்டுப்படவில்லை. அவளிடம் சொல்லவில்லை. சஷ்டி கவசம் பாதியில் மறந்துபோய், முதல் வரியையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வாசலில் நின்றது அதே குண்டு நர்ஸ். எங்களைப் பார்த்ததும் ஒரு மாதிரி உதட்டைச் சுழித்தாள். பிறகு இடுப்புக்கு அடியில் நனைந்திருந்த தலையணையைப் பார்த்தாள். கையுறை மாட்டிக்கொண்டு அங்கேயே பரிசோதித்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். யாரையோ பெயர் சொல்லிக் கூவினாள், ஸ்ட்ரெச்சர் வந்தது, ரோகிணியின் கை என் கையிலிருந்து உருவிப் போயிற்று. கதவு மூடிக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ரஞ்சனா என் பக்கத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வரும் அவசரத்தில் என்னைப் போலவே அவளும் போட மறந்திருக்கிறாள்.

கதவைத் திறந்து பிள்ளையைக் கொண்டு வந்ததும் அந்த நர்ஸ்தான். பெண். பிடரியெல்லாம் கறுத்த முடி. கால் இரண்டும் இன்னும் முகத்துப் பக்கமாக மடிந்தே இருந்தன. இழுத்துவிட்டால் மறுபடி மடக்கிக்கொண்டது. "அழுததா?" என்று நான் தமிழில் கேட்டேன். அவளுக்கு எப்படிப் புரிந்ததோ, பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிவிட்டாள். அது வீறிட்டது.

ஆபரேஷன் மயக்கம் தெளியத் தொடங்கியபோது ரோகிணி கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது. நான் நனைத்த பஞ்சால் ஒற்றினேன்.

"அம்மா," என்றாள், "வலிக்கு."

எங்கே என்று நான் கேட்கவில்லை. கொஞ்சமா நிறையவா என்றும் கேட்கவில்லை. பஞ்சை அப்படியே போட்டுவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.