கடிகாரப் பட்டையில் ஒட்டியிருந்தது

மணி என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் டாக்டரம்மா கையைத் திருப்பினாள். கடிகாரப் பட்டையில் வெள்ளி நிறச் சிறு ஒட்டு மினுங்கியது.

மனிதர்களுக்கு அவள் டாக்டர் இல்லை. அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கம்ப்யூட்டர்களில் வைரஸ் எடுக்கிறவள். யாரோ கிண்டலாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. வைரஸ் எடுக்கும் புரோகிராமை ஒரு பிளாப்பி டிஸ்க்கில் வைத்திருந்தாள். பிளாப்பியின் ஓரத்து வெட்டை அந்த ஒட்டால் மூடிவிட்டால் அதில் எதையும் பதிய முடியாது; எந்த வைரஸும் அதற்குள் ஏற முடியாது. காலையில் புதுப் புரோகிராமைப் பதிவதற்காக ஒட்டை உரித்தவள், தொலைந்துவிடக் கூடாதே என்று வழக்கம்போலக் கடிகாரப் பட்டையில் ஒட்டிக்கொண்டாள். திருப்பி ஒட்ட மறந்தே போனாள்.

முதலில் போனது துணிக்கடை. அங்கே கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ். அடுத்தது ஆஸ்பத்திரி. இப்போது வக்கீல் ஆபீஸ். பிளாப்பியைச் செருகி, புரோகிராமை ஓட்டாமல் அதன் அளவை மட்டும் பார்த்தாள். காலையில் இருந்ததைவிடப் பெருத்திருந்தது. வைரஸ் ஒட்டிக்கொண்டால்தான் அப்படிப் பெருக்கும்.

துணிக்கடைப் பீடையைச் சுமந்துபோய் ஆஸ்பத்திரியில் இறக்கியிருக்கிறாள். ஒன்றுவிடாமல் சோதிக்கிறேன் பேர்வழி என்று அங்கிருந்த ஒவ்வொரு புரோகிராமையும் திறந்து, திறந்த ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே நோயை ஊட்டியிருக்கிறாள். கதிர்வீச்சுப் பிரிவின் கம்ப்யூட்டர் அது. யாருக்கு எத்தனை நிமிடம் கதிர் கொடுப்பது என்று கணக்குப் போடுவது. இன்று மத்தியானம் அவளுடைய அக்காவின் முறை. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கப் போகிறார்கள்.

சில வைரஸ் சும்மா கிடக்கும். சிலது எண்ணை மாற்றி வைக்கும், திரையில் ஒன்றும் தெரியாது. இது எந்த ரகம் என்று தெரியாததுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. கேட்காமலேயே வக்கீலின் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பேசினான்.

"எங்க அக்கா உள்ள போயாச்சா?"

"இப்பதாங்க கூப்பிட்டாங்க. கணக்கு பிரிண்ட் ஆகிட்டிருக்கு. நீங்க பாத்துட்டுப் போனதிலேர்ந்து மெஷின் சும்மா பறக்குது டாக்டரம்மா!"

"அந்தக் கணக்கை நம்பாதீங்க. மெஷினை அணைங்க. நான்தான் வைரஸை ஏத்திட்டேன்."

ஆபரேட்டர் சிரித்தான். "விளையாடாதீங்க."

"எங்க அக்கா மேல சத்தியம். அவளை உள்ள விடாதீங்க!"

சிரிப்பு நின்றது. "லைன்லயே இருங்க" என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினான்.

வக்கீல் எழுந்து வந்துவிட்டார். "எங்க மெஷின்ல ஒண்ணும் பண்ணிடலையேம்மா?"

அவள் ரிசீவரை வைக்கவில்லை. இனி இந்த ஊரில் ஒருவரும் அவளைக் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும். ரிசீவருக்குள் பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. தள்ளி எங்கோ அக்கா இருமினாள். பிரிண்டர் நின்றது. சர்ரென்று யாரோ தாளைக் கிழித்தார்கள். உள்ளே கொண்டுபோகக் கிழித்தார்களா, கசக்கிப் போடக் கிழித்தார்களா, தெரியவில்லை.

கதிர் கொடுக்கும் அறையின் கதவு கனமானது. ஆளை உள்ளே விட்டுச் சாத்தினால் வராந்தா முழுக்கக் கேட்கும். அந்த ஓசை மட்டும் வந்துவிடக் கூடாது என்று ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய நகம் கடிகாரப் பட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.