சபரி கழுவிவிட்ட அறை

1

பட்டாசுக்குக் கலந்த மருந்து மிஞ்சினால் மறுநாளைக்கு வைப்பீர்களா? சிவகாசிப் பக்கம் வைக்கக் கூடாது. ராத்திரியில் தானாகவே தீப்பிடிக்கும். சாயங்காலம் அழித்து, அறையைக் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தக் கதை அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. என் சிநேகிதன் சபரிநாதன் ஃபோனில் சொன்னான். நான் சூரத்தில் இருக்கிறேன். இங்கே தமிழில் சொல்ல ஆளில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

2

"தாயில்பட்டியில் வெயில்..."

வேண்டாம். வெயில் எல்லாக் கதையிலும் இருக்கிறது.

சபரி பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தவன். பிறகு தானாகவே கம்ப்யூட்டர் கற்றான். அவனுடைய அக்கா யோகேஸ்வரி. அவள் வீட்டுக்காரர் பாலகுரு தீக்காயத்தோடு கிடந்தபோது ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. இறந்துபோனார். அதன்பிறகு அக்கா ஊர் ஊராகப் போய், ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயரையும் நம்பரையும், தம்பி செய்த இணையதளத்தில் ஃபோனிலிருந்தே ஏற்றினாள்.

(கன்டெய்னர் என்பது கம்ப்யூட்டருக்குள் தனித்தனி அறை மாதிரி. ஒன்றில் இணையதளம், இன்னொன்றில் டேட்டாபேஸ். அறையைக் கலைத்துக் கட்டினாலும் பெயர்கள் தப்பிக்க, வெளியே வால்யூம் என்று ஓர் இடம் உண்டு. கலைக்கும் கட்டளையில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அதுவும் போய்விடும்.)

3

தளத்தைக் கட்டிய நாட்களில் சபரி பொய்ப் பெயர்கள் போட்டுப் பார்ப்பான். சாயங்காலம் அந்த எழுத்தையும் சேர்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். மருந்து அறையில் பழகிய கை. போன வாரம் ஒரு சின்னத் திருத்தம் செய்தான். வேலை முடிந்தது. கை அதன் பாட்டுக்கு அந்த எழுத்தையும் சேர்த்து, அக்கா ஏற்றிய நிஜப் பெயர்களை அழித்துவிட்டது.

நகல் இல்லையா என்பீர்கள். இருந்தது. அதே வால்யூமில்.

ஒருவன் இப்படியும் செய்வானா என்று எனக்கே சந்தேகம். அவனைக் கொஞ்சம் கெட்டிக்காரனாக்கிப் பார்த்தேன். கதை நிற்கவில்லை.

"ஏலே, ஒரு பேருகூடவா இல்ல?"

"இல்லக்கா. நாந்தான் அழிச்சேன்."

"அம்புட்டுச் சுத்தம் உனக்கு எதுக்குலே?"

அவள் கண்களில்... (கண்ணை நான் பார்க்கவில்லை. ஃபோனில் கேட்டதுதான்.)

4

முடிவு ஒன்று: அன்றிரவே யாரோ ரத்தம் கேட்டு அழைக்கிறார்கள். எழுதி அடித்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு விபத்தைக் கற்பனையில்கூட நான் வரவழைக்க மாட்டேன்.

முடிவு இரண்டு: பெயர்கள் எப்படியோ திரும்பிவிடுகின்றன. பொய். திரும்பாது.

அக்கா தம்பியை மன்னித்தாளா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மறுநாள் காலை யோகேஸ்வரி பஸ் ஏறி ஏழாயிரம்பண்ணை போனாள். முதல் வீட்டுப் பெண், ஒரு தடவை கொடுத்த நம்பரை மறுபடி எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.