பல்லக்கு போகும் வரை

மாமனாரின் வாயை மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, சாய்யூன் மறுபடியும் முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தாள்.

வாசலில் எல்லா அடுப்புகளும் எரிந்துகொண்டிருந்தன. இன்னும் சரியாக விடியவில்லை. பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூல்களில் யாத்திரைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். கடலம்மன் பல்லக்குக்கு முன்னால் நடந்து வருகிற கூட்டம் அது. பல்லக்கு அடுத்த ஊரில் இருந்தது. வேட்டுச் சத்தம் வயல்களைத் தாண்டி மெல்லக் கேட்டது.

"எங்க போனே? சேமியா அடிப்பிடிக்குது பாரு," என்றாள் அடுத்த வீட்டுக் குய்மெய் அக்கா. பெரிய இரும்புச் சட்டியின் முன் நின்றுகொண்டு நீளக் குச்சிகளால் அரிசிச் சேமியாவைத் தூக்கித் தூக்கி உதறிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தண்ணி கொடுக்கப் போனேன்."

"எப்படி இருக்கார்?"

"தூங்கறார்."

அது இவ்வளவு சுலபமாக வரும் என்று சாய்யூனுக்குத் தெரியாது. கத்தி கோஸில் இறங்கியது. அவள் நிமிரவில்லை.

இந்த வருடம் கோஸ் விலை படுத்துவிட்டது. அறுத்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று உழுதுவிட இருந்தவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். காளான் மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியது. அது ஊறிய தண்ணீரைக்கூடக் கொட்டாமல் சேமியாவில் ஊற்றினார்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. கூட்டம் கூடினால் சேமியாவில் கோஸைக் கூட்டு, கஞ்சியில் சர்க்கரைவள்ளியைக் கூட்டு என்பாள் குய்மெய் அக்கா. "நடந்து வர்றவன் வயித்துக்குச் சூடுதான் தெரியும், கணக்குத் தெரியாது."

பந்தலின் முகப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. 'லின் குடும்பத்தின் காலை உணவு' என்று பெரிய எழுத்து. அதன் கீழே அவள் கணவன் வென்பின் பெயரும் அவள் பெயரும். வழக்கமாகப் பல்லக்கு பெரிய ரோட்டோடு போய்விடும். இந்த வருடம்தான் கோயில் குழுவில் சொல்லிச் சொல்லி இந்தத் தெருவுக்குள் திருப்பியிருந்தார்கள். சொன்னவள் சாய்யூன்.

சாவு விழுந்த வீட்டில் யாரும் அம்மனுக்குப் போகிறவர்களுக்குச் சோறு போட முடியாது. அந்த வாசலைப் பல்லக்கு கடக்காது. அதற்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பின்கட்டுக் குழாயடியில் வென்பின் கஞ்சி வாளியை நிரப்பிக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா போயிட்டார்."

அவன் வாளியைக் கீழே வைக்கவில்லை. "எப்போ?"

"தெரியல. கை இன்னும் முழுசா குளிரல."

வென்பின் கூடத்துப் பக்கம் பார்த்தான். ராத்திரி அங்கே தங்கிய யாத்திரைக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சாமி மேடைக்கு முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கூடத்துக்கு..." என்று ஆரம்பித்தான்.

முந்தின நாள் சாயங்காலமே மூச்சு மாறியிருந்தது. உயிர் கூடத்தில்தான் போகவேண்டும், முன்னோர் பெயர் எழுதிய பலகைக்கு எதிரில். பின்னறையில் போனால் அநாதைச் சாவு. மாமனார் தியன்ஃபா தெம்பாக இருந்த காலத்திலேயே அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே, என்னைக் கிடத்த நல்ல பலகையாகப் பார்த்து வையுங்கள் என்று. நேற்று பேச்சு இல்லை. கையை மட்டும் தூக்கிக் கூடத்துக் கதவைக் காட்டினார். சாய்யூன் தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. மறுபடியும் கதவைக் காட்டினார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அந்தப் பக்கம் விருந்தாளிகள் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாளாக இப்படித்தானே இருக்கிறார், நாளைக்கு இவர்கள் போனதும் மாற்றிவிடலாம் என்று வென்பினிடம் சொன்னாள்.

"இப்ப அழுதா எல்லாரும் கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டு எழுந்திருவாங்க," என்றாள் இப்போது. "பல்லக்கு போயிடட்டும். அப்புறம் எல்லாம் முறையா பண்ணிடலாம்."

அவன் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். வென்பின் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான்.

"ரெண்டாவது அண்டா வெந்துடுச்சா?" என்றான்.

"வெந்துடுச்சு."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

வானம் வெளுத்தபோது கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. கிண்ணம் கழுவுகிற இடத்தில் தண்ணீர் போதவில்லை. சாய்யூன் போட்டுக்கொண்டே இருந்தாள். வாங்குகிறவர்கள் எல்லோரும் கும்பிட்டார்கள். புண்ணியம் பண்ணின வீடு, நல்லா இருக்கணும் என்றார் ஒரு கிழவர். அவள் அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி போட்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க அதுதான் வழி.

"அண்ணி!"

வரிசையில் பாவ்லியன் நின்றுகொண்டிருந்தாள். வென்பினின் தங்கை. வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பாவுக்குச் சுகமாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு இந்த வருடம் நடக்கிறாள். மஞ்சள் தொப்பி, வெயிலில் உரிந்த மூக்கு. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் வரிசையில நிக்கறே? உள்ள வா."

"ம்ஹூம். வீட்டுப் பொண்ணுன்னு முன்னாடி பூந்தா பின்னாடி நிக்கறவங்க என்னை வெட்டிப்போட்டுருவாங்க. காலைப் பாரு அண்ணி, பன்னு மாதிரி வீங்கிடுச்சு. இதை வெச்சு உன் பந்தியில இன்னும் நாலு பேருக்குப் போடலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாய்யூனும் சிரித்தாள். கிண்ணத்தை எடுத்து, சட்டியின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த காளான்களைத் தேடிப் பொறுக்கிப் போட்டாள்.

பாவ்லியன் நின்றபடியே சாப்பிட்டாள். "அடடா. நேத்து ஒரு ஊர்ல போட்டான் பாரு, வெறும் உப்பு. இதுல்ல சாப்பாடு." வாயில் சேமியாவோடு அண்ணனைப் பார்த்தாள். "அவன் ஏன் இஞ்சி தின்ன குரங்கு மாதிரி நிக்கறான்? தூங்கலையா?"

"தூங்கல."

"அப்பா?"

"இப்பதான் கண்ணசந்தார்."

"இன்னொரு கிண்ணம் போடு. கோயில் சாம்பல் வாங்கிட்டு வந்திருக்கேன், தண்ணியில கலந்து கொடுக்கணும். சாப்ட்டு உள்ள போறேன்."

சாய்யூன் இரண்டாவது கிண்ணத்தை நிரப்பினாள். "ராத்திரி முழுக்க அவஸ்தைப்பட்டார், பாவ்லியன். இப்ப எழுப்ப வேணாம். பல்லக்கு போனப்புறம் போலாம்."

"சரி, தூங்கட்டும். பாவம்," என்றாள் பாவ்லியன்.

மேளம் தெருமுனைக்கு வந்துவிட்டது. வேட்டு வெடித்துச் சிவப்புக் காகிதம் புகையோடு பறந்தது. நடுத்தெருவில் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராகக் குப்புறப் படுக்க ஆரம்பித்தார்கள், பல்லக்கு தலைக்கு மேலே கடந்து போவதற்கு.

பாவ்லியன் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள். "அண்ணி, அப்பா சட்டை ஒண்ணு கொடு. அவரால படுக்க முடியாது, அவர் சட்டை மேலயாவது அம்மா போகட்டும்."

உள்ளே போகவேண்டியிருக்கவில்லை. கொடியிலேயே ஒன்று தொங்கியது, நேற்றுத் துவைத்தது. சாய்யூன் அதை உருவி மடித்துக் கொடுத்தாள். துக்கம் வந்தவர்கள் பல்லக்குக்கு எதிரிலேயே நிற்கக் கூடாது. பாவ்லியன் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் படுத்தாள். கூப்பிட்டிருக்கலாம். அவள் படுத்த பிறகும் கூப்பிட நேரம் இருந்தது.

"வா, நாமளும் படுக்கலாம்," என்று குய்மெய் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எத்தனை வருஷம் கேட்டு வாங்கினே. வா!"

"எனக்கு ஆகாது அக்கா."

"ஏன்?"

"தூரம்."

குய்மெய் அக்கா பெரிதாகச் சிரித்தாள். "இந்த வயசுலயா? நின்னு மூணு வருஷமாச்சு, ராத்திரியெல்லாம் வேர்க்குதுன்னு நீதானே எங்கிட்ட..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் வென்பினைப் பார்த்தாள். அவன் பந்தல் கழிக்குப் பின்னால் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். பிறகு கூடத்துக்கு அப்பால் சாத்தியிருந்த பின்னறைக் கதவைப் பார்த்தாள். சாய்யூனின் கையை விட்டாள். தானும் தெருவில் இறங்கவில்லை. அவளுக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. மருமகளுக்குக் குழந்தை நிற்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சைவம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி, பல்லக்கைப் போகவிட்டாள்.

எல்லாம் கொஞ்ச நேரம்தான். பல்லக்கு மஞ்சள் துணிக்கு முன்னால் மூன்று தடவை ஆடி நின்றது, கூட்டம் ஓவென்று கத்தியது, தூக்குகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்கள். பந்தலில் இருந்தவர்களும் தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

பாவ்லியன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, சாம்பல் பொட்டலத்தோடு வீட்டுக்குள் போனாள். சாய்யூன் சட்டியைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்க்க உட்கார்ந்தாள்.

குய்மெய் அக்கா எதிரில் குந்தினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"அப்பவே போயிட்டாரா?"

சாய்யூன் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. அடுப்பைத் தூக்கி என் வாசல்ல வெச்சிருப்போம். நாலு எட்டு. வேற சட்டி போட்டு, வேற சேமியா ஊறவெச்சு... நான் பண்ணியிருக்க மாட்டேனா?"

"அக்கா..."

"துணியில என் பேரு இருந்திருக்கும். அவ்வளவுதானே?"

சாய்யூனுக்குக் காது சுட்டது. சட்டியில் தேய்க்க ஒன்றும் இல்லை. இன்னும் தேய்த்தாள்.

உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அழுகை வரும், கத்தல் வரும் என்று அவள் தோள்களை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். வென்பின் கூடத்தில் பலகை போடுவது மட்டும் கேட்டது.

பாவ்லியன் வெளியே வந்தாள். கை வெறுங்கையாக இருந்தது. பின்வாசல் படியில் நின்றாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடியா?"

"ம்."

"நான் சாப்பிட்டப்போ உனக்குத் தெரியும்."

சாய்யூன் எழுந்தாள். கையிலிருந்து நுரை சொட்டியது.

"ரெண்டு கிண்ணம் சாப்ட்டேன்," என்றாள் பாவ்லியன். குரலில் கோபம் இல்லை. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. "நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"பாவ்லியன், கூட்டம் அவ்வளவு... அத்தனையும் வெந்துடுச்சு. கொட்டவும் முடியாது. அப்பாவே இருந்திருந்தா..."

"அப்பாவை இழுக்காதே."

பாவ்லியன் தொப்பியைக் கழற்றிக் கொடிக்கயிற்றில் மாட்டினாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு நடந்தாள்.

"எங்க போறே?"

"பொண்ணு தெருமுனையிலிருந்து தவழ்ந்து அழுதுக்கிட்டு வரணும். அதுதானே முறை."

"நீ... நீதான் ஏற்கெனவே வந்துட்டியே."

"யாருக்குத் தெரியும்? கூட்டத்துல என்னை யாரு பார்த்தா? கிண்ணத்துல போட்ட நீ பார்த்தே." கொஞ்சம் நின்றாள். "அப்பாவுக்குத் தெரியாம இருக்கணும். இப்பதான் வந்தேன்னு நினைக்கட்டும்."

வீங்கிய காலோடு அவள் தெருமுனை வரை மெல்ல நடந்து போனாள். சாய்யூன் மஞ்சள் துணியை அவிழ்க்கப் போனாள். முடிச்சு இறுகியிருந்தது. குய்மெய் அக்கா கத்தியால் கயிற்றை அறுத்தாள். பிறகு வாசல் நிலையில் ஒட்டியிருந்த சிவப்பு வாழ்த்துக் காகிதத்தின் மேல் சாவுக்கு அடையாளமாக ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, கஞ்சியையே தொட்டு ஒட்டினாள்.

அப்போதுதான் அழுகை கேட்டது. எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன. கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி தன் வாயைத் துடைத்தாள்.

"அப்பா, உங்க பொண்ணு வந்துட்டேன் அப்பா! லேட்டா வந்துட்டேன் அப்பா!"

பாவ்லியன் தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். வேட்டுக் காகிதம் ஈரத்தில் கைகளிலும் முட்டிகளிலும் சிவப்பாக ஒட்டியது. சற்றுமுன் படுத்திருந்த இடத்தைத் தாண்டினாள். அடுப்புகளைத் தாண்டினாள். கழுவிய தண்ணீர் ஓடிய இடத்தில் கை வழுக்கி முழங்கையில் விழுந்து மறுபடி எழுந்தாள். அழுகை நிற்கவே இல்லை. இவ்வளவு நேரமும் எங்கே இருந்தது என்று தெரியாத அழுகை.

வாசலுக்கு வந்த பெண்ணை வீட்டு மனுஷி ஒருத்தி போய்த் தூக்கவேண்டும். எல்லோரும் சாய்யூனைப் பார்த்தார்கள்.

அவள் போய்க் குனிந்தாள். பாவ்லியனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். பாவ்லியன் எழுந்தாள், ஆனால் எடையை அவள் மேல் போடவில்லை. சட்டைக் கையில் ஒரு சேமியா இழை காய்ந்து ஒட்டியிருந்தது. சாய்யூன் அதை எடுக்க விரலை நீட்டினாள். பாவ்லியன் அழுதுகொண்டே கையை விலக்கிக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள்.