நாற்பத்தோராம் குழாய்

"பேரப்பிள்ளையள்?"

"இல்லை, அங்கிள்."

"மருமகன்?"

"அதுவும் இல்லை."

அனந்தராமன் மடிக்கணினியில் ஒரு வரியை அழித்தார். ஜேர்மனியின் ஹம் நகரில் எந்தத் தமிழர் கண்ணை மூடினாலும் மரண அறிவித்தல் எழுதுகிறவர் அவர்தான். மற்ற வீடுகளில் மைத்துனர், சகலன், பெறாமகன் என்று ஊர்ப்பட்ட சொந்தங்களை அடைக்க இடம் போதாமல் மல்லுக்கட்டுகிறவர், சிவகுருநாதனின் சமையலறை மேசையில் இருந்துகொண்டு ஆள் தேடினார். சிவகுருநாதன் இறந்து இன்னும் ஒரு நாள் முடியவில்லை. ஒரே மகள் கம்சனா பான் நகரில் ரயிலேறி வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்கிவிட்டது.

"அப்பாவின்ர தாயின்ர பேர்?"

கம்சனாவுக்குத் தெரிந்தது அப்பப்பாவின் பெயர் மட்டும்தான், நாகமுத்து. அது அவளுடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் "பேந்து சொல்லுறன்" என்பார் அப்பா. அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. எட்டு வருடத்துக்கு முன் அம்மா போனபோதாவது உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். முப்பத்துநாலு வயதில் சொந்த அப்பம்மாவின் பெயர் தெரியாமல் இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அறிவித்தலைப் பாத்துத்தான் பிள்ளை சொந்தக்காரருக்கே தெரியவரும். ஆரின்ர மகன், ஆரின்ர சகோதரம் எண்டு போடாட்டி, கண்டாலும் வேற ஆரோ எண்டு கடந்து போயிடுவினம். கடுதாசி ஏதும் கிடக்கோ எண்டு பாருங்கோ."

அலுமாரியில் தடித்த கோப்பு ஒன்று இருந்தது. பிறந்த இடம், ஆண்டு, பட்ட கஷ்டம், எல்லாம் அப்பாவின் குண்டு எழுத்தில் வரிசையாகக் கிடந்தன. அவள் நின்றபடியே வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு பக்கம் வாசித்த பிறகுதான் விளங்கியது, அது அப்பாவின் வரலாறு அல்ல. ஓர் ஆங்கிலேய நீராவி எஞ்சினின் வரலாறு.

'சேர் எட்வின்' என்று அதற்குப் பெயர். 1934இல் பிறப்பு. லண்டனிலிருந்து வடக்கே கடுகதி வண்டிகளை இழுத்துப் பேர் எடுத்தது. 1963இல் டீசல் வந்ததும் கழித்துவிட்டார்கள். கடற்கரையோரப் பழைய இரும்புக் கிடங்கில் பன்னிரண்டு வருடம் உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்ததை ரயில் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து மீட்டு, மறுபடி ஓடவைத்தார்கள். முதலில் ஓட்டிய சாரதியின் மனைவி பெயர்கூட இருந்தது.

கம்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரனின் மனைவி பெயரைத் தேடிப்பிடிக்க நேரம் இருந்த மனிதருக்கு, தாயின் பெயரை மகளுக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

"இது எப்ப பிடிச்ச விசர், அங்கிள்?"

"நாங்கள் குழாய்த் தொழிற்சாலையில நிக்கேக்க. அந்த எஞ்சினின்ர கொதிகலனுக்குக் குழாய் வேணுமெண்டு ஓடர் வந்தது. அண்ணைதான் பெட்டியில அடுக்கி அனுப்பினவர். பிறகு அவங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கீட்டார்."

கோப்பின் கடைசியில் ஆங்கிலப் படிவங்கள் இருந்தன. எஞ்சினைப் பராமரிக்கிற சங்கம், கொதிகலனின் ஒவ்வொரு குழாய்க்கும் ஆதரவாளர்கள் விரும்பியவரின் பெயரை வைக்க விட்டிருந்தது. முதல் படிவம் 2009 ஜனவரியில் நிரப்பியது. முப்பத்தொன்பதாம் குழாய், நாகமுத்து, தந்தை. நாற்பதாம் குழாய், அன்னப்பிள்ளை, தாய். நாற்பத்தோராம் குழாய், யோகாம்பிகை, அக்கா.

"அன்னப்பிள்ளை" என்று கம்சனா வாய்விட்டு வாசித்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: உயிருடன், காலமானவர். தாய்க்கும் தந்தைக்கும் இரண்டாவதில் சரி போட்டிருந்தது. அக்காவுக்கு முதலாவதில்.

அவள் அதையும் வாசித்துக் காட்டியதும் அனந்தராமன் தட்டுவதை நிறுத்தினார்.

"வன்னியில ஒரு அக்கா இருக்கிறா எண்டு ஒருக்காச் சொன்னவர். அந்த வருசம் மே மாதம் சண்டை முடிஞ்ச பிறகு ஒரு கதையும் இல்லை. எத்தினையோ இடம் எழுதிப் பாத்தவர், பாவம். காலஞ்சென்ற எண்டு போடுவம் பிள்ளை."

கம்சனா அடுத்த படிவத்தைத் திருப்பினாள். பத்து வருடத்துக்கு ஒருமுறை கொதிகலனைக் கழற்றிப் பழைய குழாய்களை எறிந்துவிட்டுப் புதியவை போடுவார்களாம். அப்போது பெயர்களையும் மறுபடி கேட்பார்கள். 2019இல் அப்பா மறுபடி எழுதியிருந்தார். அம்மா ஜெயமலரும் பட்டியலில் சேர்ந்திருந்தாள், காலமானவராக. யோகாம்பிகைக்கு எதிரே, 'காலமானவர்' கட்டத்துக்குள் பேனை ஊன்றி நின்ற ஒரு நீலப் புள்ளி இருந்தது. சரி அடையாளம் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில்தான் விழுந்திருந்தது.

"போடாதேங்கோ, அங்கிள்."

"அக்கா எங்கை எண்டு நாலு பேர் கேப்பினம், பிள்ளை."

"கேக்கட்டும். அப்பா ரெண்டு தரமும் உயிரோட எண்டுதான் எழுதியிருக்கிறார். நான் எப்பிடிச் சாகடிக்கிறது?"

அனந்தராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தட்டினார்: யோகாம்பிகை அவர்களின் அன்புச் சகோதரரும் ஆவார். எப்போதும் ஏழெட்டு நாடுகளின் தொலைபேசி இலக்கங்கள் நிற்கிற இடத்தில், தொடர்புகளுக்குக் கம்சனா, மகள் என்று ஒன்றே ஒன்று நின்றது.

மூன்று மணிக்கு அறிவித்தல் இணையத்தில் ஏறியது. "நாளைக்கு வாறன்" என்று அவர் போய்விட்டார். வீடு வெறிச்சென்றிருந்தது. கம்சனா வருடக்கணக்காக மௌனத்தில் கிடந்த கைப்பேசியில் மணிச் சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தாள். அப்பாவின் அக்கா, யோகாம்பிகை மாமிக்கு இப்போது எழுபதாவது இருக்கும். இணையம் பார்க்கத் தெரிந்திருக்காது. யாராவது பார்த்துச் சொல்லலாம். சொல்லாமலும் விடலாம்.

மணி அடித்தது. தெரியாத இலக்கம். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"மாமியோ?"

எதிர்ப்பக்கம் ஓர் ஆண்குரல் ஜேர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்டது. இறுதிக்கிரியை நிறுவனத்தில் இருந்து பேசுகிறாராம். உடலுக்கு அணிவிக்க அனுப்பிய உடுப்புப் பை கிடைத்தது, ஆனால் அதில் சப்பாத்து இல்லை. தாங்களே ஒரு சோடி போட்டுவிடலாம், தந்தையாரின் கால் அளவு என்ன என்று பணிவாகக் கேட்டார்.

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடம் என்று சொல்லி, போனைக் காதோடு பிடித்தபடி கதவடிக்குப் போனாள். குந்தியிருந்து அப்பாவின் சப்பாத்தைத் திருப்பி, தேய்ந்த அடியில் அளவு எண்ணைத் தேடினாள்.