பிணத்துக்கு ஒரு மின்னல்

ஒத்திகைக் கூடத்தில் விஞ்ஞானி வேஷக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "வானமே, உன் மின்னலைக் கொடு" என்று முழங்கினார். திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டார். இன்னொருவர் தகரத்தைத் தட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஜைமேல் பிணமாகப் படுத்திருந்தவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

இயக்குநரின் முகம் கறுத்தது. "இந்தக் காட்சியே வேண்டாம். தூக்கிடலாம்" என்றார்.

பிணத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது. பிணமாகப் படுத்திருந்தவர் பேருந்து ஓட்டுநர். அந்தக் குழுவில் சேர்ந்த நாள் முதல் கூட்டத்தில் ஒருவர், வாசலில் நிற்கும் காவலாளி என்றே காலம் தள்ளியவர். இந்தத் தடவைதான் உயிர் பெற்று எழுந்து இரண்டு வரி பேசும் வேஷம் கிடைத்திருந்தது. பேருந்துப் பணிமனையில் ஒருவரையும் விடாமல் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார்.

அவருடைய மனைவி கடைசி வரிசையில் இருந்தாள். மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கல்யாணத்துக்கு முன்னால் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். புகுந்த வீட்டுக்கு வந்த புதிதில் மிக்ஸியைச் சரிபார்க்கிறேன் என்று வீட்டையே இருட்டாக்கியதில் 'ஃபியூஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கணவரின் தொங்கிய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், நிஜ மின்னல் வந்தா காட்சிய வெச்சுக்குவீங்களா?"

"நிஜ மின்னலா?"

"ஆமா சார். நான் கொண்டு வர்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் கணவர் மேஜைமேல் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி பின்வாங்க முடியாது.

விடுமுறை நாள் காலையில் டிவி மெக்கானிக்கிடம் போய், பழைய பெட்டி டிவியின் முதுகுக்குள்ளிருந்து ஒரு ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி வாங்கி வந்தாள். சின்ன மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஊதிப் பெரிதாக்கும் கறுப்புக் கட்டி அது. கூடவே தடியான ஒரு டிரான்சிஸ்டர், அதன் சூட்டை வாங்கிக்கொள்ள ஓர் அலுமினியத் துண்டு, இரண்டு ரெசிஸ்டர், கொஞ்சம் செம்புக் கம்பி. குறையாக இருந்தது பேட்டரி மட்டும்தான். அதற்கு மாடியில் இருக்கும் நாத்தனாரின் ஸ்கூட்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

நாத்தனார் மாடியிலேயே அழகு நிலையம் நடத்துகிறவள். இருவருக்கும் சண்டையும் இல்லை, நெருக்கமும் இல்லை. "சாப்டாச்சா?" "ஆச்சு." அதற்குமேல் பேச்சு வளர்ந்ததே கிடையாது. பேட்டரியைக் கொடுத்தாள்; கொடுத்த கையோடு அதற்குக் காவலாக அவளும் வந்து, சாப்பாட்டு மேஜை எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஃபியூஸ் டிரான்ஸ்ஃபார்மரின் நடுத்தண்டில் கம்பியைப் பல வளையங்களாக ஒரு பெரிய சுற்றும், அதன் பக்கத்திலேயே சில வளையங்களாக ஒரு சின்னச் சுற்றும் சுற்றினாள். கம்பி நுனிகளில் பூசியிருந்த வார்னிஷைச் சுரண்டக் கத்தியை எடுத்தபோது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"அப்படியா சுரண்டுவாங்க? இங்க கொடுங்க அண்ணி." கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள். செம்பு பளபளவென்று வந்துவிட்டது.

எல்லாவற்றையும் இணைத்து ஸ்விட்சைப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டிரான்சிஸ்டர் மட்டும் சூடானது.

"வெறும் சூடுதான் வேணும்னா என்கிட்ட முடி நேராக்கற மிஷினே இருக்கே" என்றாள் நாத்தனார்.

ஃபியூஸ் ஸ்விட்சை அணைத்துவிட்டு நகத்தைக் கடித்தாள். அந்தச் சின்னச் சுற்றுதான் டிரான்சிஸ்டரைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரி. வரும்போதே எதிரே நின்று தள்ளினால் ஊஞ்சல் எப்படி ஆடும்?

"திருப்பிச் சுத்திட்டேன்" என்று முணுமுணுத்து, சின்னச் சுற்றின் இரண்டு நுனிகளையும் இடம் மாற்றினாள். "நீ தள்ளி நில்லு. ஒரு கைய முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கோ, ரெண்டு கையும் பட்டா கரன்ட் நெஞ்சு வழியா போயிடும். அணைச்ச பிறகும் தொடக் கூடாது, உள்ள கரன்ட் மிச்சம் இருக்கும்."

ஸ்விட்சைப் போட்டதும் கொசு ரீங்காரம் போல மெல்லிய கீச்சொலி கிளம்பியது. கம்பி நுனிகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு நூல் படபடவென்று துடித்தது. ஜெராக்ஸ் கடை வாசனை அறையெங்கும் பரவியது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் நாத்தனாருக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை. "இன்னொரு தடவ அண்ணி", "இன்னும் ஒரே ஒரு தடவ" என்று மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்கள். துணி மாட்டும் ஹேங்கர் கம்பிகளை நிமிர்த்தி, அடியில் நெருங்கி மேலே விரியும்படி இரண்டு கொம்புகள் நட்டார்கள். பொறி அடியில் பிறந்து, மேலே ஏறி, உச்சியில் அறுந்து, மறுபடி அடியில் பிறந்தது. யாரும் தொட்டுவிடாதபடி அதை வைக்க ஒரு கண்ணாடிக் கூண்டு வேண்டும் என்றதும் நாத்தனார் மாடிக்கு ஓடினாள். அழகு நிலையத்தின் மீன்தொட்டியோடு திரும்பி வந்தாள். மீன்கள் வாளிக்குக் குடிபோயிருந்தன.

வேலை முடிந்து வந்த ஓட்டுநர் வாசலிலேயே நின்றுவிட்டார். காய்ந்த மீன்தொட்டிக்குள் மின்னல் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே மனைவியும் தங்கையும் ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் பக்கத்துலயா நான் படுக்கணும்?"

"பக்கத்துல இல்லீங்க. கால்மாட்டுல, ரெண்டு ஆள் தள்ளி."

"நான் செத்த ஆளுதானே, பயப்படக் கூடாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

நாடகத்தன்று கூடம் நிரம்பியிருந்தது. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். விஞ்ஞானி மின்னலைக் கேட்டதும் நாத்தனாரோடு திரையோரம் இருந்த ஃபியூஸ் ஸ்விட்சை அழுத்தினாள். தொட்டிக்குள் ஊதாப் பொறி ஏறியது. அதே நேரம் ஒலிபெருக்கிகள் எல்லாம் கர்ரென்று உறுமின. பொறி அவற்றுக்குள்ளும் புகுந்துவிட்டது. அணைத்துவிடலாமா என்று அவள் ஸ்விட்சைப் பார்த்தாள். கூட்டமோ அதுவும் நாடகம் என்று நினைத்து மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது.

பிணம் எழுந்தது. எழுந்து, தொட்டியைப் பார்த்து, வாயைப் பிளந்தது. இரண்டு வரியும் மறந்துபோய்விட்டன. விஞ்ஞானி கண்ணால் ஜாடை காட்டினார். பிணம் அவரை நிதானமாகப் பார்த்துக் கேட்டது:

"இன்னொரு தடவ காட்டறீங்களா?"

கூடம் அதிர்ந்தது. நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். ஓர் ஓரத்தில் பணிமனை ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டே சிரித்தார். ஃபியூஸ் இன்னொரு தடவை காட்டினாள்.

நாடகம் முடிந்து எல்லோரும் வரிசையாக நின்று வணங்கியபோது, ஓட்டுநர் திரைப்பக்கம் வந்து மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். "ஐயோ, நான் எதுக்குங்க" என்று அவள் திமிற, நாத்தனார் பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் அவளுக்குக் கும்பிட வேண்டுமா, கையசைக்க வேண்டுமா, ஒன்றும் பிடிபடவில்லை. நீளமான ஒயரோடு ஸ்விட்ச் மட்டும் இன்னும் கையில் இருந்தது.

அழுத்தினாள்.